ஆடம்பர பிராண்டுப் பொருள் உண்மையில் எங்கே தயாராகிறது: நீங்களே கண்டுபிடிக்கும் முறை

"ஷனேல் எங்கே தயாராகிறது?" என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. கைப்பை என்றால் பிரான்ஸ் அல்லது இத்தாலி. காலணி பெரும்பாலும் இத்தாலி. மிலான் பக்கத்தில் ரொவேதா என்ற காலணித் தொழிற்சாலையே ஷனேலுக்குச் சொந்தம். காஷ்மீர் கம்பளி ஸ்வெட்டர்கள் பல ஸ்காட்லாந்தின் ஹாயிக் ஊரிலிருந்து வருகின்றன. அங்குள்ள பாரி ஆலையை 2012-இல் ஷனேல் வாங்கியது. கைக்கடிகாரம் சுவிட்சர்லாந்தில். மூக்குக் கண்ணாடியை லக்ஸாட்டிகா என்ற இத்தாலிய நிறுவனம் உரிமம் பெற்றுச் செய்கிறது. பெயர் ஒன்று, ஊர் பல.

அதனால் பிராண்டின் பெயரை வைத்துத் தேடாதீர்கள். கையிலிருக்கும் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதில் எந்த வேலை எங்கே நடந்தது என்று தேடுங்கள். தோல் ஒரு நாட்டில் பதனிடப்பட்டிருக்கும், இன்னொரு நாட்டில் வெட்டித் தைக்கப்பட்டிருக்கும், மூன்றாவது நாட்டில் பெட்டிக்குள் போயிருக்கும். லேபிளில் இருப்பது இவற்றில் ஒரு கட்டம் நடந்த நாட்டின் பெயர் மட்டுமே. மற்றவற்றை எப்படித் தோண்டி எடுப்பது என்பதுதான் கீழே வருவது.

செய்வது யார் என்று முதலில் பிரியுங்கள்

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பிராண்டின் சொந்தப் பட்டறை. எர்மேஸின் தோல் பைகள் பிரான்ஸ் முழுக்கப் பரவியிருக்கும் அதன் சொந்தப் பட்டறைகளில் தைக்கப்படுகின்றன. 2023-இல் நார்மண்டியின் லூவியேவிலும் 2024-இல் ரியோமிலும் புதிய பட்டறைகள் திறந்தன. லூயி வித்தோனுக்கு பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளிலும் சொந்தப் பட்டறைகள் உண்டு. டெக்சாஸ் மாநிலத்தின் அல்வராடோ பட்டறை 2019-இல் தொடங்கியது. "மேட் இன் யூஎஸ்ஏ" என்று அச்சிட்ட லூயி வித்தோன் பையைப் பார்த்ததும் போலி என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறு.

இரண்டாவது, ஜாப் ஒர்க். வடிவமும் பெரும்பாலும் மூலப்பொருளும் பிராண்டினுடையது. வெட்டுவதும் தைப்பதும் வெளியாருடையது. இத்தாலியத் தோல் பொருட்களில் பெரும்பகுதி இப்படித்தான் தயாராகிறது. கோச் பிராண்டை நடத்தும் டேப்பஸ்ட்ரி நிறுவனமும் இதே வழிதான்: வியட்நாம், கம்போடியா, பிலிப்பைன்ஸ் நாடுகளில் உள்ள வெளித் தொழிற்சாலைகளே அதன் முதன்மை இடங்கள். ரால்ஃப் லாரனுக்குச் சொந்தத் தொழிற்சாலையே கிடையாது.

மூன்றாவது, உரிமம். வாசனைத் திரவியத்துக்கும் கண்ணாடிக்கும் பெரும்பாலும் இந்த வழிதான். கூச்சி, பர்பரி வாசனைத் திரவியங்களை கோட்டி என்ற நிறுவனம் செய்கிறது. அர்மானி, பிராடா, ஈவ் சான் லொரான் ஆகியவற்றின் வாசனைத் திரவியங்களை லொரேயால் செய்கிறது. இந்தப் பொருட்களில் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் உரிமதாரரின் பெயர் இருக்கும். அதைப் படித்தாலே பாதி விடை வந்துவிடும்.

பழைய பொருட்களில் உரிமம் பெரிய குழப்பத்தை உண்டாக்கும். பர்பரியின் ப்ளூ லேபிள், பிளாக் லேபிள் வரிசைகளை ஜப்பானில் சான்யோ ஷோகாய் நிறுவனம் 2015 வரை உரிமத்தின் பேரில் செய்து விற்றது. அவை அசல். ஆனால் லண்டனில் விற்கும் கோட்டுக்கும் அவற்றுக்கும் துணியும் தையலும் வேறு. இரண்டுக்கும் ஒரே விலை சொல்பவரிடம் கவனமாக இருங்கள்.

லேபிள் எங்கே ஒளிந்திருக்கும்

கைப்பையில் உள் ஜிப் பாக்கெட்டின் விளிம்பில் தைத்த தோல் துண்டு, அல்லது பாக்கெட்டுக்குள்ளேயே மடிந்து கிடக்கும் துணிச் சீட்டு. ஆடையில் கழுத்து லேபிளில் பெரும்பாலும் பிராண்டின் பெயர் மட்டும் இருக்கும். இடது பக்கத் தையலில், இடுப்புக்குக் கீழே தொங்கும் சலவைக் குறிப்புச் சீட்டுக் கட்டில்தான் நாடும் எண்களும் வரும். அந்தக் கட்டின் எல்லா இதழ்களையும் இரு பக்கமும் படமெடுத்துக்கொள்ளுங்கள். காலணியில் சோலின் நடுவளைவு அல்லது நாக்கின் உட்புறம். கண்ணாடியில் காதுக்கொம்பின் உட்பக்கம்.

பிராண்டின் பெயருக்குக் கீழே "பாரிஸ்", "மிலானோ", "லண்டன்" என்று இருந்தால் அது லோகோவின் பகுதி. தயாரித்த இடத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. "டிசைன்ட் இன்" என்பதும் அப்படியே. ஐரோப்பாவில் விற்கும் காலணிகளில் மூன்று சிறு படங்கள் கொண்ட ஒட்டுச்சீட்டு இருக்கும்: அப்பர் (காலை மூடும் மேல்பகுதி), உள் லைனிங், வெளி சோல். தோல் படம் போட்டிருந்தால் தோல், வைரக்கட்டம் இருந்தால் வேறு பொருள். 1994-ஆம் ஆண்டு விதிப்படி ஒட்டப்படும் அந்தச் சீட்டு எதனால் செய்தது என்பதை மட்டுமே சொல்லும். எங்கே செய்தது என்று சொல்லாது.

லேபிளில் நாட்டின் பெயரே இல்லையா? பதற வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விற்கும் ஆடைக்கு எந்த நூல் எத்தனை சதவீதம் என்று எழுதுவது கட்டாயம். நாட்டைச் சொல்வது கட்டாயமில்லை. அமெரிக்காவில் இறக்குமதிப் பொருளுக்கு நாட்டைச் சொல்வது கட்டாயம். ஒரே சட்டை இரண்டு சந்தைக்கும் போவதால்தான் பல ஐரோப்பிய ஆடைகளிலும் நாட்டின் பெயரைப் பார்க்கிறோம்.

"மேட் இன்" என்றால் சட்டம் என்ன சொல்கிறது

இந்த விதி புரியாவிட்டால் மற்ற எதைத் தேடியும் பயனில்லை. அதனால் இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கச் சட்டத் தொகுப்பில் 60-ஆவது பிரிவு: பொருள் பல நாடுகளில் தயாரானால், கடைசியாகக் கணிசமான, பொருளாதாரக் காரணமுள்ள மாற்றம் எங்கே நடந்ததோ அதுவே அதன் நாடு. "கணிசமான" என்றால் என்ன என்பது பொருளுக்குப் பொருள் மாறும்.

ஆடைக்கு, வெட்டிய பிறகு நடக்கும் தையல் வேலை முழுவதும் நடந்த நாடு. ருமேனியாவில் முழுக்கத் தைத்த ஜாக்கெட்டை இத்தாலிக்குக் கொண்டுவந்து, இஸ்திரி போட்டு, லேபிள் மட்டும் வைத்தால் அது இத்தாலிய ஜாக்கெட் ஆகாது. மான்கிளேர் ருமேனியாவின் பக்காவ் நகரில் சொந்தத் தொழிற்சாலை நடத்துகிறது. அங்கே தைத்த ஜாக்கெட்டில் "மேட் இன் ருமேனியா" என்றுதான் இருக்கும். அதைப் பார்த்துப் போலி என்று நினைப்பதும் மிகப் பரவலான தவறு.

காலணியில் சூட்சுமம் அதிகம். காலின் மேல்பகுதியை மூடும் அப்பரைத் தைப்பதுதான் ஆள்பலம் அதிகம் தேவைப்படும் வேலை. ஆனால் சோல் பொருத்தாத அப்பரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, இத்தாலியில் கால் வடிவ அச்சில் ஏற்றி, சோல் ஒட்டி முடித்தால், அது சட்டப்படியே "மேட் இன் இத்தாலி" ஆகலாம். அப்பர் ஏற்கெனவே உள்சோலோடு சேர்த்து வந்தால் ஆகாது. அந்தப் பொருத்தும் வேலை எங்கே நடந்தது என்பதில்தான் நாட்டின் பெயரே மாறுகிறது.

கை எம்பிராய்டரியிலும் இதுதான் நடக்கிறது. பாரிஸ், மிலான் மேடைகளில் வரும் கவுன்களின் மணி வேலையும் ஆரி வேலையும் கணிசமான அளவு மும்பைப் பட்டறைகளில் நடக்கின்றன. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில், கவுனின் முன்பாகம் எந்த வடிவில் வெட்டப்படுமோ அந்தக் கோட்டுக்குள், கொக்கி ஊசியால் மணியும் சீக்வினும் கோத்து முடிப்பார்கள். அந்தத் துணித் துண்டு விமானமேறிப் போய் பிரான்சில் வெட்டித் தைக்கப்படும். லேபிள்: "மேட் இன் பிரான்ஸ்". சட்டமீறல் எதுவும் இல்லை. உழைப்பின் பெரும்பகுதி மட்டும் லேபிளுக்கு வெளியே நின்றுவிடுகிறது. இதை வெளிப்படையாகச் சொன்ன பிராண்டுகளும் உண்டு. தியோர், தனக்கு எம்பிராய்டரி செய்யும் மும்பையின் சாணக்யா பட்டறையை முன்னிறுத்தி 2023 மார்ச்சில் கேட்வே ஆஃப் இந்தியாவில் காட்சி நடத்தியது. பிராடா 2010-இல் "மேட் இன்" என்ற வரிசையில் லக்னோவின் சிக்கன்காரி எம்பிராய்டரியை இந்தியாவின் பெயரோடே லேபிளில் போட்டது.

இன்னும் இரண்டு விதிகள். சுவிஸ் கடிகாரத்துக்கு 2017 முதல், தயாரிப்புச் செலவில் குறைந்தது 60 சதவீதம் சுவிட்சர்லாந்தில் ஆகியிருக்க வேண்டும். அதன் இயந்திரம் சுவிஸ் இயந்திரமாக இருக்க வேண்டும். அதைக் கூட்டில் பொருத்துவதும் இறுதிச் சோதனையும் அங்கேயே நடக்க வேண்டும். மீதி 40 சதவீதத்துக்குள் டயல் போன்ற பாகங்கள் எங்கிருந்தும் வரலாம். இத்தாலியில் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் "100% மேட் இன் இத்தாலி" என்ற வாசகத்தைத் தனியாகப் பிரித்தது: வடிவமைப்பு, திட்டம், தயாரிப்பு, பொதியல் எல்லாமே இத்தாலியில் நடந்தால்தான் அப்படி எழுதலாம். "100%" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் பெரிது.

எண்களிலிருந்து என்ன கிடைக்கும்

சலவைச் சீட்டில் "ஆர்என்" என்று தொடங்கும் எண் இருந்தால், அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் (எஃப்டிசி) இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். "சிஏ" என்று தொடங்குவது கனடாவினுடையது. இரண்டுமே அந்த நாட்டு இறக்குமதியாளர் அல்லது விற்பனையாளரைத்தான் காட்டும்; தொழிற்சாலையைக் காட்டாது. ஆனாலும் விட்டுவிடாதீர்கள். பிராண்டுக்குப் பின்னால் இருக்கும் சட்டப்பூர்வ நிறுவனத்தின் பெயர் இதில்தான் கிடைக்கும், கப்பல் ஆவணத்தைத் தேட அந்தப் பெயர்தான் தேவை.

லூயி வித்தோனின் பழைய பைகளில் இரண்டு எழுத்தும் நான்கு எண்ணும் கொண்ட தேதிக் குறியீடு இருக்கும். 2007 முதல் உள்ளவற்றில் முதல் எண்ணும் மூன்றாம் எண்ணும் வாரம். இரண்டாவதும் நான்காவதும் ஆண்டு. "ஏஆர் 3189" என்றால் 2019-ஆம் ஆண்டின் 38-ஆவது வாரம். 1990 முதல் 2006 வரை உள்ளவற்றில் வாரத்துக்குப் பதில் மாதம். எழுத்துகள் பட்டறையைக் குறிக்கும். ஆனால் இணையத்தில் சுற்றும் பட்டியல்கள் சேகரிப்பாளர்கள் தொகுத்தவை, பிராண்டு வெளியிட்டவை அல்ல. ஒரே எழுத்து ஜோடி காலப்போக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட நாட்டுக்கு வந்திருக்கிறது. குறியீட்டையும் தோலில் அழுத்திய நாட்டின் பெயரையும் சேர்த்தே படியுங்கள். 2021 மார்ச் முதல் குறியீட்டை நிறுத்தி மைக்ரோசிப் வைக்கிறார்கள். அதற்குப் பிந்தைய புதிய பையில் இந்தக் குறியீடு இருந்தால் அதுவே சந்தேகத்துக்குக் காரணம்.

ஜிப்பைப் பார்த்து நாட்டை ஊகிக்காதீர்கள். லாம்போ இத்தாலியது, ரிரி சுவிட்சர்லாந்தினுடையது, ஒய்கேகே ஜப்பானியது. மூன்றும் உலகெங்கும் விற்கின்றன.

நிறுவனங்கள் தாங்களே எழுதிக் கொடுப்பவை

பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் முதலீட்டாளரிடம் பொய் சொல்ல முடியாது. விளம்பரத்தில் கிடைக்காத விவரம் ஆண்டறிக்கையில் கிடைப்பது அதனால்தான். அமெரிக்க நிறுவனங்களின் 10-கே எனப்படும் ஆண்டறிக்கையில் "ஐட்டம் 1"-இல் "உற்பத்தி, கொள்முதல்" பத்தியையும், "ஐட்டம் 2"-இல் "சொத்துகள்" பட்டியலையும் படியுங்கள். எந்த நாடுகளில் தயாரிப்பு, சொந்தத் தொழிற்சாலை உண்டா என்று அங்கே நேராகவே எழுதியிருப்பார்கள். எல்விஎம்ஹெச் (லூயி வித்தோன்), கெரிங் (கூச்சி) போன்ற பிரெஞ்சுக் குழுமங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் பதிவு ஆவணத்தில் பட்டறை விவரம் வரும். ஆவணத்துக்குள் "ஒர்க்‌ஷாப்", "சப்கான்ட்ராக்டர்" என்ற சொற்களைத் தேடினால் நேராக உரிய பக்கத்துக்குப் போய்விடலாம்.

அடுத்து சப்ளையர் பட்டியல். ஹியூகோ பாஸ் போன்றவை தொழிற்சாலைப் பெயர், முகவரியோடு வெளியிடுகின்றன. அதன் மிகப் பெரிய சொந்தத் தொழிற்சாலை துருக்கியின் இஸ்மிரில் இருப்பது யாருக்கும் ரகசியமல்ல. இப்படி வெளிவரும் பட்டியல்களை ஓப்பன் சப்ளை ஹப் என்ற இலவசத் தளம் ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு எண் தந்திருக்கிறது. பிராண்டின் பெயரைக் கொண்டும் தேடலாம், ஊரைக் கொண்டும் தேடலாம். பட்டியலில் "டயர் 1" (முதல் அடுக்கு) என்று இருந்தால் இறுதித் தையல் நடந்த இடம் மட்டும். நூல், துணி, தோல் எல்லாம் டயர் 2-இலும் அதற்குக் கீழும். பெரும்பாலானவர்கள் டயர் 1-ஓடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கப்பல் ஆவணத் தளங்களைப் பற்றிப் பலர் பெரிதாகப் பேசுகிறார்கள். அமெரிக்காவுக்குக் கடல் வழி வரும் சரக்கின் பட்டியல் பொதுவில் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் பெயரை மறைக்கச் சொல்லி நிறுவனங்கள் விண்ணப்பிக்கலாம்; அந்த மறைப்பு இரண்டாண்டு செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். விமானத்தில் வரும் சரக்கு அந்தப் பட்டியலில் இல்லை. விலை உயர்ந்த பைகள் பெரும்பாலும் விமானத்தில்தான் வருகின்றன. எனவே பட்டியலில் ஒரு தொழிற்சாலை இருந்தால் அது சான்று. இல்லாவிட்டால் எதையும் முடிவு செய்ய முடியாது. பையின் சுங்கக் குறியீடு 4202, தோல் காலணி 6403. பெயரோடு இந்த எண்ணையும் சேர்த்துத் தேடினால் அலுவலகச் சாமான், காட்சிப் பொருள் போன்றவை கழிந்துவிடும்.

ஊர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

முகவரி கையில் கிடைத்தபின், அந்த ஊர் எதற்குப் பேர்போனது என்று தெரிந்தால் சரிபார்ப்பது எளிது. ஃபிளாரன்ஸ் பக்கத்தில் ஸ்கான்டிச்சி தோல் பைக்கு. கூச்சியின் ஆர்ட்லேப் பட்டறை 2018-இல் அங்கே திறந்தது. அதே டஸ்கனியில் சான்டா குரோச்சே சுல் ஆர்னோ தோல் பதனிடுவதற்கு. வெனிஸ் பக்கத்தில் ரிவியேரா தெல் பிரென்டா பெண்கள் காலணிக்கு. லூயி வித்தோனின் காலணிப் பட்டறை அங்குள்ள ஃபியெஸ்ஸோ தார்த்திகோவில். மார்கே பகுதி ஆண்கள் காலணிக்கு. கோமோ பட்டுக்கு, பியெல்லா கம்பளித் துணிக்கு. மலைப்பகுதி பெல்லுனோ மாவட்டம் கண்ணாடிக்கு. லக்ஸாட்டிகா 1961-இல் தொடங்கிய அகோர்தோ அங்கேதான்.

ஸ்பெயினின் ஊப்ரிக்கே என்ற மலையூர் தோல் பைகளுக்காகவே வாழ்கிறது. பிரான்சில் மியோ கையுறைக்கு. இங்கிலாந்தில் பர்பரியின் டிரெஞ்ச் கோட் காஸல்ஃபோர்டில் தைக்கப்படுகிறது, அதன் கேபர்டீன் துணி கீத்லியில் நெய்யப்படுகிறது. நார்தாம்ப்டன் தோல் காலணிக்கு. ஜப்பானில் கோஜிமா டெனிமுக்கு, சபாயே கண்ணாடி ஃபிரேமுக்கு. ஹாரிஸ் ட்வீட் மட்டும் சட்டத்தாலேயே ஊரோடு கட்டப்பட்டது: 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில், நெசவாளியின் வீட்டில், கையால் நெய்திருக்க வேண்டும்.

இத்தாலி என்று இருந்தால் போதுமா

போதாது. நாட்டின் பெயர் தொழிலாளியின் நிலையைச் சொல்லாது. மிலான் நீதிமன்றம் 2024-இல் அர்மானி, தியோர் குழுமங்களின் இத்தாலியத் தயாரிப்பு நிறுவனங்களை நீதிமன்ற மேற்பார்வையில் வைத்தது. 2025-இல் மேற்பார்வை நீங்கியது. குழுமங்கள் மீது குற்றவியல் குற்றச்சாட்டு இல்லை. துணை ஒப்பந்தப் பட்டறைகளைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்பதே மேற்பார்வைக்குக் காரணம். வேலை அடுக்கடுக்காகக் கைமாறி, மிலான் பகுதியின் சிறு பட்டறைகளுக்குப் போயிருந்தது. தொழிலாளர்கள் அங்கேயே படுத்துறங்கினார்கள். வேகத்துக்காக இயந்திரங்களின் பாதுகாப்புத் தடுப்புகள் கழற்றப்பட்டிருந்தன. இரவிலும் விடுமுறையிலும் வேலை நடந்ததை மின் பயன்பாட்டுக் கணக்கே காட்டிக்கொடுத்தது. கடையில் சுமார் 2,600 யூரோவுக்கு விற்ற தியோர் பை ஒன்றுக்குப் பட்டறைக்குக் கிடைத்தது 53 யூரோ என்று ஆவணங்கள் சொல்லின. தோல் முதலான மூலப்பொருளின் விலை அதில் சேரவில்லை என்பதையும் மறக்கக் கூடாது; இந்த எண்ணைப் பகிர்பவர்களில் பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. 2025 ஏப்ரலில், அமெரிக்க வரி உயர்ந்த வேளையில், "பெரிய பிராண்டுகளின் பைகளை நாங்கள்தான் செய்கிறோம், நேரடியாக வாங்குங்கள்" என்று சீனாவிலிருந்து காணொளிகள் குவிந்தன. எர்மேஸ் பையைக்கூட அதில் சேர்த்தார்கள். இப்படிப்பட்ட உரிமைகோரலைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: அந்தத் தொழிற்சாலையின் சட்டப்பூர்வப் பெயரும் முகவரியும் பிராண்டின் பட்டியலிலோ ஓப்பன் சப்ளை ஹப்பிலோ இருக்கிறதா? இருந்தாலும், பிராண்டின் அனுமதியின்றி அதன் பெயரோடு வெளியே விற்கும் பை சட்டப்படி போலியே. "அதே தொழிற்சாலை" என்று சொல்வதால் அதே தோலோ அதே தரச்சோதனையோ கிடைத்துவிடாது.

அவுட்லெட் எனப்படும் தள்ளுபடிக் கடைப் பொருளையும் தனியாகப் பாருங்கள். பல பிராண்டுகள் அவுட்லெட்டுக்கென்றே தனி மாடல்களைச் செய்கின்றன. முதன்மைக் கடையில் மிஞ்சியது என்று எண்ணி வாங்கினால் ஏமாற்றம்தான். மாடல் எண்ணை முதன்மைக் கடையின் பழைய பட்டியலில் தேடிப் பாருங்கள். அங்கே ஒருபோதும் வந்ததில்லை என்றால் அது அவுட்லெட் மாடலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பிராண்டிடம் கேட்கும் விதம்

இவ்வளவும் பார்த்தபின் மீதமுள்ளதை வாடிக்கையாளர் சேவைக்கு எழுத்தில் கேளுங்கள். "இது எங்கே தயாரானது?" என்று கேட்டால் லேபிளில் இருப்பதையே திருப்பி எழுதுவார்கள். மாடல் எண்ணைக் குறிப்பிட்டு இப்படிப் பிரித்துக் கேளுங்கள்: தோல் எந்த நாட்டில் பதனிடப்பட்டது? எந்த நாட்டில் வெட்டப்பட்டது, எந்த நாட்டில் தைக்கப்பட்டது? காலணி என்றால் அப்பர் எங்கே, சோல் எங்கே? எம்பிராய்டரி எந்த நாட்டில்? தைத்தது சொந்தப் பட்டறையா, வெளிப் பட்டறையா. வெளி என்றால் அந்தப் பட்டறை வேலையை மேலும் வெளியே கொடுக்க அனுமதி உண்டா?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைத்தான் கூர்ந்து படிக்க வேண்டும். மிலான் வழக்குகளில் சிக்கல் முளைத்தது அந்த இரண்டாம் அடுக்கில். "எங்கள் கைவினைஞர்கள் மரபைப் போற்றுகிறார்கள்" என்பது போன்ற பதில் வந்தால் அதே கேள்வியை மறுபடி அனுப்புங்கள். நாட்டின் பெயரைச் சொல்லும் பிராண்டும் உண்டு, பட்டறையின் பெயரையே சொல்லும் பிராண்டும் உண்டு. வந்த பதிலை ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் பொருளை விற்கும்போதும் பழுது பார்க்கக் கொடுக்கும்போதும் அது உதவும்.